பழைய காரின் மூச்சுத் திணறலும் வால்வின் காலமும்

மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கார், பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் கடந்த பின்னும், வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் அயராது உழைத்து வருகிறது. அலுவலகம், பள்ளிக்கூடம், கோயில், ரயில் நிலையம் என்று நாள்தோறும் ஓடிய அவ்வண்டி ஒரு நாள் மூச்சுத் திணறத் தொடங்குகிறது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் நடுங்குகிறது. மேம்பாலத்தில் ஏறும்போது தயங்குகிறது. பெட்ரோல் செலவு கூடுகிறது. முகப்புப் பலகையில் எஞ்சின் வடிவமுள்ள மஞ்சள் விளக்கு எரிகிறது. பட்டறைக்குக் கொண்டு சென்றால், "வி.வி.டி. போய்விட்டது, எஞ்சினைத் திறக்க வேண்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் கேட்கும் தொகையோ ஒரு குழந்தையின் ஓராண்டுப் பள்ளிக் கட்டணத்துக்கு இணையாக இருக்கிறது. வண்டியைப் பழுது பார்ப்பதா, விற்றுவிடுவதா என்னும் பேச்சு வீட்டில் எழுகிறது.

அந்த முடிவுக்கு வருமுன் அறிந்துகொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. வி.வி.டி. என்னும் இந்த அமைப்பு எஞ்சின் எண்ணெயின் வலிமையாலேயே இயங்குவது. ஆதலால் அதன் நோய்களிற் பல எண்ணெயில் தொடங்குகின்றன. எண்ணெயைச் சீர் செய்வதனாலேயே நீங்குவனவும் உண்டு. செலவில்லாத சோதனையை முதலிலும், சிறு செலவுள்ளதை அடுத்தும், பெருஞ் செலவுள்ளதை இறுதியிலும் செய்வதே முறை. அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வால்வும் அதன் எடுப்பும்

எஞ்சினின் ஒவ்வொரு ஸிலிண்டரிலும் காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவதற்கு ஒரு வழியும், எரிந்த புகை வெளியேறுவதற்கு மற்றொரு வழியும் உண்டு. அவ்வழிகளைத் திறந்து மூடும் கதவுகளே வால்வுகள். பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தால் சுழல்வது கிராங்க் ஷாஃப்ட். வால்வுகளைத் திறந்து மூடுவது காம் ஷாஃப்ட். முன்னது இரு முறை சுழன்றால் பின்னது ஒரு முறை சுழலும். இவ்விரண்டையும் இணைப்பது டைமிங் செயின். சில வண்டிகளில் செயினுக்குப் பதில் பெல்ட்டு இருக்கும்.

பழங்காலத்து எஞ்சின்களில் வால்வு திறக்கும் கணம் என்றும் மாறாதது. ஆனால் எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்று சுழலும்போது ஏற்ற கணம் வேறு; 5,000 சுற்று சுழலும்போது ஏற்ற கணம் வேறு. மெதுவாகச் சுழலும்போது நன்றாக அமைந்த நேரம் வேகத்தில் மூச்சைத் தடுக்கும். வேகத்துக்கு ஏற்ற நேரம் சிக்னலில் நிற்கும்போது நடுக்கம் தரும். இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு பொறியாளர்கள் நெடுங்காலம் காலம் தள்ளினார்கள்.

நம் சபாக்களில் கச்சேரி கேட்டுப் பழகிய அன்பர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். தாளம் தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும். பாட்டின் எடுப்பு தாளத்துக்கு முன்னே விழுந்தால் அதீதம். பின்னே விழுந்தால் அநாகதம். கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியைத் தாளம் என்றும், வால்வு திறக்கும் கணத்தை எடுப்பு என்றும் கொள்க. வேகத்துக்கும் பாரத்துக்கும் தக்கபடி இந்த எடுப்பை முன்னும் பின்னும் நகர்த்தும் ஏற்பாடே வி.வி.டி. ஆகும்.

விற்பனைக்கு வந்த கார்களில் இதனை முதலில் பொருத்தியது இத்தாலி நாட்டு ஆல்ஃபா ரோமியோ நிறுவனம், ஆண்டு 1980. ஜப்பானில் ஹோண்டா 1989-இல் வி-டெக் என்னும் அமைப்பையும், டொயோட்டா 1995-இல் வி.வி.டி.-ஐ என்னும் அமைப்பையும் கொணர்ந்தன. நம் நாட்டுச் சாலைகளில் 2000-ஆம் ஆண்டில் ஹோண்டா ஸிட்டி வி-டெக்கும், 2003-இல் டொயோட்டா கொரோலாவும் ஓடத் தொடங்கின. 2011-இல் வந்த மாருதி ஸ்விஃப்டின் இரண்டாம் வடிவத்துப் பெட்ரோல் எஞ்சினிலும் வி.வி.டி. இடம் பெற்றது. ஆகவே நடுத்தரக் குடும்பங்களின் பழைய வண்டிகளிலும் இந்த அமைப்பு இன்று சாதாரணமாகக் காணக் கிடைப்பதே.

எண்ணெயே கை

கொரோலாவின் எஞ்சினை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். காம் ஷாஃப்டின் முனையிலுள்ள பல்சக்கரத்தைச் செயின் சுழற்றுகிறது. அச்சக்கரத்துக்குள் சிறு அறைகளும், அவற்றினிடையே அசையும் தகடுகளும் உள்ளன. அறையின் ஒரு பக்கம் எண்ணெய் புகுந்தால் காம் ஷாஃப்ட் சற்று முந்தும். மறுபக்கம் புகுந்தால் பிந்தும். இதற்குப் பட்டறைகளில் வழங்கும் பெயர் வி.வி.டி. கியர். எண்ணெயை எப்பக்கம் விடுவது என்று திருப்பிவிடுவது, மின்சாரத்தால் இயங்கும் ஒரு சிறு வால்வு, அதனை ஓ.ஸி.வி. என்றும், வி.வி.டி. ஸோலனாய்டு என்றும் சொல்வார்கள். கிராங்க் ஷாஃப்ட், காம் ஷாஃப்ட் இரண்டின் அருகிலும் உள்ள ஸென்ஸார்கள் அவற்றின் நிலையைக் கம்ப்யூட்டருக்கு உரைக்கின்றன. கம்ப்யூட்டர் கட்டளையிட, ஸோலனாய்டு வழி திறக்க, எண்ணெய் வேலை செய்கிறது.

எஞ்சின் நின்றிருக்கும்போது எண்ணெய்க்கு அழுத்தம் இல்லை. அப்போது கியர் தாறுமாறாக ஆடாதபடி ஒரு சிறு பூட்டு ஊசி அதனைப் பிடித்து நிறுத்துகிறது. எஞ்சின் புறப்பட்டு எண்ணெய் அழுத்தம் ஏறியதும் ஊசி விடுபடுகிறது.

ஹோண்டாவின் வி-டெக் வேறு வழியில் செல்கிறது. எஞ்சின் வேகம் கூடியதும் எண்ணெய் அழுத்தம் சிறு ஊசிகளைத் தள்ளி, வால்வுகளை இயக்கும் கைகளை ஒன்றாகப் பிணைக்கிறது. வால்வு அதிகம் திறக்கும்படியான வேறொரு காம் அப்போது பொறுப்பேற்கிறது. வழி வேறாயினும் இரண்டிலும் வேலை செய்யும் கை எண்ணெயே.

அந்த எண்ணெய் செல்லும் துவாரங்களோ மிகச் சிறியவை. அவற்றின் வாயிலில் மெல்லிய வலை ஒன்று இருப்பதும் உண்டு. எண்ணெய் குறைந்தாலும், கெட்டுக் கசடானாலும், தேவைக்கு மேல் தடித்தாலும், இளகினாலும் முதலில் தடுமாறுவது இந்த அமைப்பே. எஞ்சினின் பிற பாகங்கள் பொறுத்துக்கொள்ளும் பிழையை இது பொறுப்பதில்லை.

அறிகுறிகள் சொல்லும் கதை

எடுப்பு முந்திய நிலையிலேயே சிக்கிக்கொண்டால், புகை வெளியேறும் கதவு மூடுவதற்குள் காற்று வரும் கதவு திறந்துவிடும். மெதுவாக ஓடும் எஞ்சினில் எரிந்த புகை மீண்டும் புதுக் காற்றோடு கலக்கும். அதனால் சிக்னலில் நடுக்கமும், சில வேளை எஞ்சின் நின்றுபோவதும் நேரும். வேகமாகச் செல்லும்போது குறை அவ்வளவாகத் தெரியாது.

எடுப்பு பிந்திய நிலையிலேயே நின்றுவிட்டாலோ, சிக்னலில் எஞ்சின் அமைதியாக ஓடும். ஆனால் மேட்டில் ஏறும்போதும், லாரியைக் கடக்கும்போதும் இழுவை இராது. ஆகவே குறை நிற்கும்போதா, ஏறும்போதா என்று கவனித்துக் குறித்துக்கொள்வதே நோய் அறிவதில் முதற்படி.

காலையில் முதன்முறை எஞ்சினை ஓடவிடும்போது ஓரிரு விநாடி 'கடகட' என்னும் ஒலி எழுந்து அடங்குமாயின், பூட்டு ஊசியோ, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ தேய்ந்திருக்கக்கூடும். குளிர்ந்த எஞ்சினில் நன்றாக இருந்து, தில்லியின் மே மாத வெயிலில் ஒரு மணி நேரம் ஊர்ந்த பின் மட்டும் குறை தோன்றுமாயின், சூட்டில் எண்ணெய் இளகி அழுத்தம் குறைவதை முதலில் ஐயுற வேண்டும்.

சோதனையின் வரிசை

முதலாவது, எண்ணெய். இதற்குப் பட்டறை வேண்டியதில்லை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பாருங்கள். எண்ணெய் இரு குறிகளுக்கு இடையே, மேற்குறியை ஒட்டி இருப்பது நலம். பல கார்களில் அவ்விரு குறிகளுக்கு இடைப்பட்ட அளவு ஏறத்தாழ 1 லிட்டர். கொரோலாவின் 1.8 லிட்டர் எஞ்சினில் ஃபில்டரோடு சேர்த்துக் கொள்ளும் மொத்த எண்ணெயே 3.7 லிட்டர்தான். ஒரு லிட்டர் குறைந்தால் கால் பங்குக்கு மேல் போயிற்று என்று பொருள்.

எண்ணெய் அளவாக இருந்தும் தார் போல் கறுத்து, விரலில் கசடு ஒட்டுமாயின், அல்லது கடைசியாக மாற்றிய தேதி வீட்டில் எவர்க்கும் நினைவில்லையாயின், வேறு சோதனைக்கு முன் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிவிடுவதே சிக்கனம். வண்டியின் கையேட்டில் எந்தத் தரம் குறிக்கப்பட்டிருக்கிறதோ அதே தரத்தை ஊற்ற வேண்டும். பழைய எஞ்சின் என்பதற்காக, கையேடு ஒப்பாத தடித்த எண்ணெயை ஊற்றும் பழக்கம் வி.வி.டி. உள்ள எஞ்சினுக்கு ஒவ்வாதது. நெடுங்காலம் கவனிக்கப்படாத எஞ்சினில் கடுமையான ஃப்ளஷ் திரவங்களை ஊற்றுவதும் ஆபத்தே. இளகிய கசடு திரண்டு சென்று எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துவிடக்கூடும். நல்ல எண்ணெயைக் குறுகிய இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாற்றுவது அதனினும் பாதுகாப்பானது.

இரண்டாவது, குறை எண். பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு செருகுவாய் உண்டு. அதில் ஸ்கேனரைப் பொருத்தினால் கம்ப்யூட்டர் பதிந்து வைத்துள்ள குறையை எண்ணாகக் காட்டும். பி 0010 என்பது ஸோலனாய்டின் மின் சுற்றில் குறை. பி 0011 என்பது எடுப்பு வேண்டியதற்கு மேல் முந்தி நிற்பது. பி 0012 பிந்தி நிற்பது. பி 0016 கிராங்கும் காமும் ஒன்றோடொன்று பொருந்தாமை. பி 0340 காம் ஸென்ஸாரின் மின் சுற்றில் குறை. எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் அழித்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது நோயாளியின் சீட்டைக் கிழித்து எறிவதற்கு ஒப்பாகும். எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் குறை பதிவாயிற்று என்பதையும் நல்ல ஸ்கேனர்கள் காட்டும். அதனையும் கேட்டுப் பெறுக.

இந்த எண் ஒரு பொருளின் பெயர் அன்று. ஒரு நிலையின் பெயர். பி 0011 என்று வந்தால் கியர் கெட்டது என்று பொருளாகாது. ஸோலனாய்டு சிக்கியிருக்கலாம், வலை அடைத்திருக்கலாம், எண்ணெயே குறைந்திருக்கலாம்.

மூன்றாவது, மின்சாரம். ஸோலனாய்டின் செருகியைக் கழற்றிப் பார்த்தால் பச்சை பூத்திருப்பதும், எண்ணெய் ஊறியிருப்பதும், எலி கடித்த கம்பியும் கண்ணுக்கே தெரியும். அடுத்து, மீட்டர் கொண்டு அதன் மின்தடையை அளக்க வேண்டும். கொரோலாவின் ஓ.ஸி.வி.க்கு 20 பாகை சூட்டில் 6.9 முதல் 7.9 ஓம் வரை இருத்தல் வேண்டும். ஹோண்டாவின் வி-டெக் ஸோலனாய்டுக்கு 14 முதல் 30 ஓம். பிற வண்டிகளுக்கு அவ்வவற்றின் பட்டறைக் கையேடே பிரமாணம்.

நான்காவது, ஸோலனாய்டின் இயக்கம். எஞ்சின் சூடேறி அமைதியாக ஓடும்போது, தேர்ந்த மெக்கானிக் ஓ.ஸி.வி.க்கு நேரே பாட்டரி மின்சாரத்தை ஒரு கணம் கொடுத்துப் பார்ப்பார். உடனே எஞ்சின் தடுமாறினால் அல்லது நின்றால், ஸோலனாய்டும், எண்ணெய் வழியும், கியரும் தத்தம் வேலையைச் செய்கின்றன என்று கொள்ளலாம்; குறையைக் கம்பியிலோ ஸென்ஸாரிலோ தேட வேண்டும். மாறுதல் ஒன்றும் இல்லையாயின், ஸோலனாய்டைக் கழற்றி வெளியே வைத்து மின்சாரம் கொடுக்க, உள்ளே உள்ள தண்டு 'டிக்' என்று அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அசையாவிட்டால் துப்புரவு செய்து மறுபடி பார்க்கலாம். அப்போதும் அசையாவிட்டால் அதனை மட்டும் மாற்றினால் போதும். தண்டு நன்றாக அசைந்தால், அருகிலுள்ள வலையில் அடைப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். இத்தனைக்கும் எஞ்சினைத் திறக்க வேண்டியதில்லை.

ஐந்தாவதாகவே கியரும் செயினும் வருகின்றன. பி 0016 மீண்டும் மீண்டும் வருதல், முன்பக்கத்தில் செயின் உரசும் ஒலி, எண்ணெய் மாற்றிய பின்னும் அடங்காத 'கடகட' இவை ஒன்று சேர்ந்தால் முன் மூடியைத் திறந்தே ஆக வேண்டும். இங்கே சிக்கனம் பார்க்கலாகாது. செயின் நீண்டு ஒரு பல் தாவினால் காலம் தவறும். முற்றிலும் நழுவினால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வின்மேல் மோதி வால்வுகளை வளைத்துவிடும். அப்படிப்பட்ட ஒலியோடு, கோடை விடுமுறைக்குக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு தில்லியிலிருந்து சென்னைக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டத் துணிவது தகாது. அதுபோலவே, எண்ணெய்க் குடுவை வடிவமுள்ள சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தால், வண்டியை ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். மஞ்சள் விளக்குக்குப் பட்டறை வரை பொறுக்கலாம். சிவப்பு விளக்குக்குப் பொறுக்கலாகாது.

வேறு நோய்களும் இதே வேடம் புனைந்து வருவது உண்டு. தேய்ந்த ஸ்பார்க் பிளக், தளர்ந்த காயில், கரி படிந்த த்ராட்டில், காற்றுக் குழாயில் விரிசல், வலுவிழந்த பெட்ரோல் பம்ப் ஆகிய யாவும் நடுக்கமும் தயக்கமும் தரும். எண்ணெயும் சரி, குறை எண்ணும் வி.வி.டி.யைச் சுட்டவில்லை என்றால், இவற்றைப் பார்த்த பின்னரே மேலே செல்க.

பட்டறையில் பேசும் முறை

நமக்கு இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. ஊரிலானால் தெரிந்த மெக்கானிக்கிடம் நம் மொழியில் நோயைச் சொல்லிவிடலாம். இங்கோ இந்தியிலோ, வங்காளியிலோ, மராத்தியிலோ அரைகுறையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வந்து சில ஆண்டுகளே ஆனவர்களுக்கு எஞ்சினின் ஒலியை வேற்று மொழியில் விளக்குவது அரிது. அந்த இடத்தில் குறை எண் நமக்குத் துணை நிற்கும். பி 0011 என்பது கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஒரே பொருள் தருவது. குறை எப்போது தோன்றுகிறது என்பதற்குச் சொல் தேட வேண்டாம். கைப்பேசியில் ஒலியோடு படம் எடுத்துக் காட்டினால் போதும். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்துக் காலையில் முதல் முறை எஞ்சினை ஓடவிட்டுக் காட்டுவது இன்னும் நன்று.

எந்தச் சோதனை செய்தார், என்ன அளவு கண்டார் என்று மரியாதையாகக் கேளுங்கள். கேள்வியை அவமதிப்பாகக் கொள்ளாமல் விடை சொல்பவரே தொழில் அறிந்தவர். கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பப் பெறுக. பில்லில் பாகத்தின் எண் எழுதியிருக்க வேண்டும். தில்லியில் காஷ்மீரி கேட், கொல்கத்தாவில் மல்லிக் பஜார், பெங்களூரில் ஜே.ஸி. ரோடு போன்ற உதிரிப்பாகச் சந்தைகளில் அசல் பொருளும் போலியும் அடுத்தடுத்துக் கிடைக்கும். ஓ.ஸி.வி.யின் தண்டு மிக நுண்ணிய அளவில் கடைந்தது. போலியை வாங்கிப் போட்டால், சரியான நோயை அறிந்தும் மருந்து பலிக்காமல் போகும். 'கியரைத்தான் மாற்ற வேண்டும்' என்னும் தவறான முடிவுக்கு அதுவே இட்டுச் செல்லும்.

வருமுன் காத்தல்

நகரத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் வண்டியின் எண்ணெய் விரைவில் கெடுகிறது. எஞ்சின் முழுச் சூடு பெறாமையால் ஈரமும் பெட்ரோலும் எண்ணெயில் தங்கிவிடுகின்றன. ஆகவே கிலோமீட்டர் கணக்கு நிரம்பவில்லையே என்று எண்ணி எண்ணெய் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. கையேடு கிலோமீட்டரோடு மாதக் கணக்கும் தந்திருக்கும். எது முந்துகிறதோ அதன்படி மாற்றுக. வெயிலிலும் நெரிசலிலும் ஊரும் வண்டிக்கு அந்தக் கணக்கினும் சற்று முன்னதாகவே மாற்றினால் நலம்.

பால் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதும் இல்லங்களில் வண்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எண்ணெய் மாற்றிய தேதி, அன்று ஓடியிருந்த கிலோமீட்டர், ஊற்றிய தரம், இடையில் சேர்த்த அளவு ஆகிய நான்கும் போதும். இரண்டு ஆண்டு எழுதினால், வண்டி எண்ணெய் குடிக்கிறதா, எவ்வளவு குடிக்கிறது என்பது அந்த ஏட்டிலேயே விளங்கும். மாதம் இரு முறை, ஞாயிற்றுக்கிழமைக் காலையில், எஞ்சின் சூடேறுமுன் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்க்கும் வேலையைப் பத்து வயதுச் சிறுவனும் சிறுமியும்கூட, பெரியவர் துணையோடு கற்றுக்கொள்ளலாம். அடுத்த முறை பட்டறையில் "எஞ்சினைத் திறக்க வேண்டும்" என்று சொல்லும்போது, அந்த ஏட்டை முன்னே வைத்து, "முதலில் ஓ.ஸி.வி.யைக் கழற்றிப் பாருங்கள்" என்று சொல்லும் துணிவு நமக்கு உண்டாகும்.